கிரேஸ்ஹில் ஜெயித்தது எதனால்?

அத்தியாயம் ஒன்பது

எழுத்துலகில் நேற்று வந்தவளாகிய நான், தேர்ந்த கைகள் பல எழுதிச் சிறந்த இந்தப் பக்கங்களில் வாராவாரம் இடம்பிடித்துக்கொண்டிருப்பதற்கு முதற்கண் மன்னிப்பைக் கோருகிறேன். கூடைப்பந்தை நான் கையால் தொட்டவளும் அல்லள். சென்ற அத்தியாயத்தில் ஆட்டத்திற்கு இரண்டு பாதிகள் என்று எழுதிவிட்டேன். நான்கு பகுதிகள் என்று ஓசூர் வாசகர் ஒருவர் மிகுந்த பெருந்தன்மையோடு சுட்டிக்காட்டியிருக்கிறார். பிழை என்னுடையதே. இந்த வாரமும் பிழை நேரக்கூடும். ஆயினும், எலிசபெத்தின் வீட்டில் அந்தச் சனிக்கிழமை நடந்ததைச் சொல்லாமல் விட மனம் ஒப்பவில்லை. வாசகர்கள் அனுமதிப்பார்கள் என்று நம்பித் தொடர்கிறேன்.

புதிதாக வருபவர்களுக்காக நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கோலார் தங்கவயலிலிருந்து வந்து பெங்களூரு ஆஸ்டின் டவுனில் குடியேறியவர் குணசேகர். கிரேஸ்ஹில் மகளிர் கல்லூரியில் கூடைப்பந்துப் பயிற்சியாளர், ஒப்பந்த வேலை. அவருடைய அணி மூன்று ஆண்டுகளாகத் தோற்றுக்கொண்டே இருந்தது. அவர் மகள் சங்கமித்ராவே அந்த அணியின் கேப்டன். இந்த ஆண்டு பருவத்தின் நடுவில், தும்கூர் ஆட்டத்தன்று, மகளைப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, முதலாண்டு மாணவி ஆயிஷாவை அவளிடத்தில் இறக்கினார். அன்றுமுதல் அணி தோற்கவில்லை. பல்கலைக்கழகக் கோப்பையே வந்து சேர்ந்தது. அன்றுமுதல் தகப்பனும் மகளும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதும் இல்லை.

சனிக்கிழமை மாலை கல்லூரியில் பாராட்டு விழா. குணசேகரின் வேலையை நிரந்தரமாக்கும் உத்தரவை மேடையிலேயே தருவதாக நிர்வாகச் செயலாளர் ராஜலக்ஷ்மி அம்மையார் சொல்லியிருந்தார்.

காலையிலிருந்தே குணசேகரின் மனைவி எலிசபெத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை. தான் வேலை பார்க்கும் மருத்துவமனையில் விடுப்புச் சொல்லிவிட்டு வந்தவள், ஓரிடத்தில் உட்காராமல் அடுப்படிக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டிருந்தாள். இஸ்திரி போட்ட புடவையை மறுபடி இஸ்திரி போட்டாள். எதற்காக என்று கேட்டிருந்தால் அவளுக்கே சொல்லத் தெரிந்திராது.

கூடத்தில் வழக்கமான வாதம் நடந்துகொண்டிருந்தது. கோப்பை வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் வேறு பேச்சே இல்லை. கிரேஸ்ஹில் ஜெயித்தது எதனால்?

"அண்ணா, நான் சொல்றதக் கேளு," என்றான் சீனு. குணசேகரின் தம்பி, அத்திபெலேயில் ஒரு கம்பெனிக்கு வேன் ஓட்டுகிறவன். விழாவுக்காக வேனோடு வந்திருந்தான். "பெஞ்ச இந்தப் பக்கத்துலருந்து அந்தப் பக்கம் மாத்திப் போட்டீங்களே, அன்னியிலருந்துதான் எல்லாம். முன்னாடி வெயிலு நேரா பொண்ணுங்க கண்ணுல அடிச்சுது."

"ஃபைனல்ஸ் இண்டோர்ல ஆடினோம்டா. உள்ள ஏது வெயிலு?"

"அப்போ வாஸ்து."

குணசேகர் இட்லியைப் பிட்டார். சீனு எலிசபெத்தின் பக்கம் திரும்பினான்.

"அண்ணி, நீங்க சிவாஜிநகர் மாதா கோயில்ல ஒன்பது வாரம் மெழுகுவத்தி ஏத்தினீங்க. உங்க கட்சி எப்படியும் மாதா கட்சிதான்."

"நான் ஒண்ணும் சொல்லலப்பா. மாதாவுக்கு பாஸ்கெட் பால் ரூல்ஸ் தெரியுமோ தெரியாதோ."

அடுப்படியிலிருந்து குரல் வந்தது. "அம்மா, அப்பாவுக்கு இன்னொரு இட்லி வேணுமான்னு கேளு."

கை நீட்டினால் தொட்டுவிடும் தூரத்தில்தான் குணசேகர் உட்கார்ந்திருந்தார். அவரும் மனைவியைப் பார்த்துச் சொன்னார். "போதும்னு சொல்லு."

"நடுவுல நான் வேணா சேதி கடத்த ஒரு ஸ்டேஷன் போட்டு உக்காந்துக்கவா?" என்றான் சீனு. ஒருவரும் சிரிக்கவில்லை.

அப்போதுதான் ராஜலக்ஷ்மி அம்மையாரின் தொலைபேசி வந்தது. கை எச்சிலாக இருந்ததால் குணசேகர் அதை மேசைமேலேயே வைத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"குணசேகர் சார், குட் மார்னிங். ஒரு சின்ன ரிக்வெஸ்ட். நம்ம பொண்ணுங்க ஓட்டத்த அளக்குற சென்சார் ஜாக்கெட் கம்பெனிக்காரங்க இன்னிக்கி முன் வரிசையில உக்காருவாங்க. ஸ்பீச்ல அந்த ஜாக்கெட் வந்ததனாலதான் டீம் மாறுச்சுன்னு நீங்களே சொல்லிட்டா நல்லா இருக்கும். அவங்க நமக்கு இண்டோர் கோர்ட்டே கட்டித் தரதா இருக்காங்க."

"மேடம், ஜாக்கெட் வந்ததே செமிஃபைனல் முடிஞ்சப்புறம்தானே."

"அதனால என்ன சார், ஃபைனல் ஜெயிச்சோமில்ல?"

குணசேகர் தட்டைத் தள்ளிவைத்தார்.

"உங்க ஆர்டர் சைன் ஆகி என் ஹேண்ட்பேக்லதான் இருக்கு சார். டென்ஷன் பண்ணிக்காதீங்க. நீங்க பேசி முடிச்சதும் குடுத்துடுவோம்." அம்மையாரின் குரலில் தேன் சொட்டியது. பேசி முடித்ததும் என்ற சொல்லில்தான் எல்லாம் அடங்கியிருந்தது என்பது எலிசபெத்துக்குப் புரிந்தது.

"சொல்லிட்டுப் போயேன் அண்ணா," என்றான் சீனு. "ஜாக்கெட்டுக்கு வாயா இருக்கு, இல்லன்னு சொல்றதுக்கு?"

"பொய் சொல்ல மாட்டேன். நடந்தது என்னன்னு எனக்குத் தெரியும்." குணசேகர் கை கழுவிவிட்டு வந்து, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, மேடையில் நிற்பவர்போல நின்றார். "பெத்த பொண்ணுன்னு பாக்காம அவள உக்காரவெச்சேன். டீம் எழுந்துச்சு. அதத்தான் சொல்லப்போறேன். கோச்சு எவனுக்கும் அது ஒரு பாடமா இருக்கட்டும்."

அடுப்படியில் ஓடிக்கொண்டிருந்த குழாய்ச் சத்தம் நின்றது.

எலிசபெத் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஏங்க, இன்னிக்கி சீஃப் கெஸ்ட்டே ரயில்வே டீம் கோச்சு. அடுத்த மாசம் இவ அவருகிட்டத்தான் ட்ரையலுக்குப் போய் நிக்கணும். அந்த மனுஷன் காதுபடவா சொல்லப்போறீங்க?"

"உண்மை யார் காதுல விழுந்தாலும் ஒண்ணுதானே லிசி."

அவர் சொன்னதில் கொடுமை ஏதும் இல்லை. தன் வீட்டுக் குறையைத் தானே எடுத்துவைக்கிற மனிதருக்குரிய பெருமிதமே இருந்தது. எலிசபெத்தை அலைக்கழித்ததும் அதுதான். கெட்ட எண்ணத்தோடு செய்கிறவரைத் தடுக்கலாம். நேர்மை என்று நினைத்துச் செய்கிறவரை எப்படித் தடுப்பது?

பகல் ஏறியதும், பூ வாங்க வேண்டும் என்ற சாக்கில் மகளை அழைத்துக்கொண்டு அவள் கடைத்தெருவுக்குக் கிளம்பினாள்.

சங்கமித்ரா தாயைவிட ஒரு தலை உயரம். அவள் பெயர் தகப்பன் வீட்டாரின் பௌத்த வழியில் வைத்தது, நடையும் தகப்பனுடையதே. பூக்காரி முழம் போட்டுக்கொண்டிருந்தபோது மித்ரா தானாகவே சொன்னாள்.

"நான் பெஞ்சுல உக்காந்ததால ஜெயிக்கலம்மா."

"பின்னே?"

"என்னைத் திட்ட முடியாமப் போச்சு. அதனால ஜெயிச்சாங்க."

எலிசபெத் பூவை வாங்கக் கை நீட்டியவள் அப்படியே நின்றாள்.

"மண்டியா மேட்ச் ஞாபகம் இருக்கா? கவிதா கையில வந்த பந்தை விட்டுட்டா. அப்பா என்ன கத்தினார்? 'மித்ரா, கையில என்ன எண்ணெயா தடவியிருக்க?' நான் கோர்ட்டோட அந்த மூலையில நிக்கிறேன். சிந்து லேட்டா ஓடுவா. 'மித்ரா, தூக்கமா?' யாரு தப்பு பண்ணாலும் மித்ரா. மூணு வருஷம்மா. அவங்கள்ல ஒருத்தி பேரக்கூட அவர் வாயில கேட்டதில்ல."

"அவங்களுக்குப் புரியட்டும்னுதானே உன்னைச் சொன்னாரு."

"புரிஞ்சுது. நல்லாவே புரிஞ்சுது. நம்ம தப்புக்கு மித்ராக்கா வாங்கறாங்களேன்னு ஒருத்தியும் ஷாட் எடுக்க மாட்டா. பந்து கைக்கு வந்ததும் சுடுற மாதிரி எங்கிட்ட தள்ளிவிட்டுடுவாளுங்க. எங்கிட்ட வந்துட்டா தப்பும் என்னோடதாயிடுமில்ல. அஞ்சு பேரு ஆடற ஆட்டத்த நான் ஒருத்தி ஆடினேன். எதிர் டீமுக்கு வேற என்ன வேணும்? மூணு பேரா வந்து என்னை மட்டும் கட்டிப்போட்டா போதும்."

"நீ உக்காந்தப்புறம்?"

மித்ரா முதன்முறையாகச் சிரித்தாள். "பாவம்மா அப்பா. அன்னிக்கி ஆயிஷா பந்தை விட்டா. 'மித்...' வரைக்கும் வந்துடுச்சு. திரும்பிப் பார்த்தா நான் பெஞ்சுல இருக்கேன். அந்த வார்த்தைய முழுங்க முடியாம நின்னார் பாரு. அப்புறம்தான் அவளப் பார்த்து, அவ பேரச் சொல்லி, எப்படி நிக்கணும்னு சொன்னார். அவளுக்குச் சொன்னது அவளுக்குப் போய்ச் சேந்துது. அவ்ளோதான். வேற மந்திரம் ஒண்ணும் இல்ல."

பூக்காரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். எலிசபெத் காசைக் கொடுத்துவிட்டு நடந்தாள். எங்கே நடக்கிறோம் என்பது தெரியாமல் வீட்டுக்கு எதிர்த்திசையில் கொஞ்ச தூரம் போய், மித்ரா கையைப் பிடித்து இழுத்ததும் திரும்பினாள்.

எலிசபெத்துக்கு நினைவு வந்தது இதுதான். குணசேகர் வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு மாணவியைக் கடிந்துகொண்டார். மறுநாள் அந்தப் பெண்ணின் தகப்பனார் காரில் வந்து இறங்கி, என் மகளைச் சொல்ல நீர் யார் என்று முதல்வர் அறையில் வைத்தே கேட்டுவிட்டார். குணசேகர் முகம் கறுத்து வீடு திரும்பினார். அன்று மாலை தேநீர் கொடுத்துக்கொண்டே எலிசபெத்தான் சொன்னாள். "இனிமே ஊரார் பொண்ணுங்கள ஒண்ணும் சொல்லாதீங்க. மித்ராதான் அந்த டீமுல சேரப் போறாளே, அவளச் சொல்லுங்க. மத்ததுங்க புரிஞ்சுக்கும்."

அது அவளுடைய கண்டுபிடிப்பு அன்று. தங்கவயலின் சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளில் வளர்ந்த எவருக்கும் தெரிந்த மரியாதை அது. ஒரே தட்டிச் சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு குடும்பம், அந்தப் பக்கம் ஒரு குடும்பம். அடுத்த வீட்டுப் பிள்ளை பானையை உடைத்தாலும் அதை நேரே கேட்டுவிடக் கூடாது. தன் பிள்ளையை இழுத்து நிறுத்தி, சுவர்தாண்டிக் கேட்கும்படி வைய வேண்டும். கேட்க வேண்டியவர்களுக்குக் கேட்கும், உறவும் முறியாது. எலிசபெத்தின் தாய் அப்படித்தான் செய்தாள், குணசேகரின் தாயும் அப்படித்தான். சுவர் வீட்டுக்கு உதவிய அந்த நாகரிகத்தைக் கூடைப்பந்து மைதானத்தில் கொண்டுபோய் வைத்தவள் எலிசபெத்.

"அப்பாகிட்ட நீ சொல்லியிருக்கலாமே மித்ரா."

"எப்படிச் சொல்றது? நான் நல்லாத்தான் ஆடினேன்னு நானே சொல்லிக்கணுமா?" அவள் குரல் இறங்கியது. "நீயும் சொல்லாதம்மா. உனக்குத் தெரியாதா அவரப் பத்தி? சொன்னா மேடையில ஏறி அதையே சொல்லிடுவார். மூணு வருஷம் தோத்தது தன்னாலதான்னு கோச்சே சொன்னா, அப்புறம் யாரு ஆர்டர் குடுப்பாங்க? இந்த வேலைக்காக எவ்ளோ நாளு காத்துட்டிருக்கார்."

"அவரு உன் பேரச் சொல்லி..."

"சொல்லிக்கட்டும். ஆனா அத நான் உக்காந்து கேக்க மாட்டேன். அவர் மைக் பக்கம் போனதும் எழுந்து போயிடுவேன்."

மகள் சொல்லிவிட்டாள். எலிசபெத்தின் இருப்புக்கொள்ளாமைக்கு இப்போது ஓர் உருவம் கிடைத்துவிட்டது. கணவரிடம் உண்மையைச் சொன்னால் அவர் வேலையை இழப்பார். சொல்லாவிட்டால், ரயில்வே பயிற்சியாளர் எதிரிலேயே மகளின் ஆட்டத்துக்குக் குழி தோண்டுவார். மாலை நான்கு மணிக்குள் இரண்டில் ஒன்றை அவள் தேர்ந்தாக வேண்டும்.

சீனுவின் வேனில் அனைவரும் கல்லூரிக்குப் போனார்கள். ரிச்மண்ட் சாலைச் சிக்னலில் வேன் நின்ற ஒவ்வொரு நொடியும், இப்போது சொல்லிவிடலாமா என்று எலிசபெத் எண்ணினாள். முன்னிருக்கையில் குணசேகர் உதடசைத்துப் பேச்சை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். பின்னிருக்கையில் மித்ரா ஜன்னல் பக்கம் முகம் திருப்பியிருந்தாள். பச்சை விழுந்தது. வேன் நகர்ந்தது. அவள் சொல்லவில்லை.

கல்லூரியில், மேடைக்குப் பக்கத்து அறையில் அவரைத் தனியாகப் பிடித்தாள். புதுக் கோட்டின் பொத்தானைப் போடத் தெரியாமல் அவர் தடுமாறிக்கொண்டிருந்தார். அவள் போட்டுவிட்டாள்.

"ஏங்க, ஒண்ணு சொல்லணும். அந்தத் தும்கூர் மேட்ச்..."

"சார், எல்லாரும் வந்துட்டாங்க," என்று ராஜலக்ஷ்மி அம்மையார் உள்ளே நுழைந்தார். பட்டுப்புடவையின் சரசரப்பு அவருக்கு முன்னே வந்தது. "ஓ, மேடமா? நீங்க முன் வரிசையில உக்காரணும். வாங்க, வாங்க."

"மித்ரா பேர மட்டும் எடுக்காதீங்க," என்று மட்டும் எலிசபெத்தால் சொல்ல முடிந்தது.

"நடந்ததத்தானே லிசி சொல்றேன்," என்றார் அவர், மிருதுவாக.

முன்வரிசையில் ஒரு பக்கம் ஜாக்கெட் கம்பெனிக்காரர். மறுபக்கம் ரயில்வே அணியின் பயிற்சியாளர் ஆண்டனி. நரைத்த மீசை, அதிகம் பேசாத மனிதர். அவரே குனிந்து கேட்டார். "பழைய கேப்டன் உங்க பொண்ணுதானே? போன வருஷம் அவ ஆட்டம் ஒண்ணு பார்த்தேன். இந்த வருஷம் ஏன் உக்காரவெச்சாங்க?"

கேட்கவேண்டிய மனிதர், கேட்கவேண்டிய கேள்வி. சொல்வதற்கு அதைவிட நல்ல இடம் வாய்க்காது. எலிசபெத் மடியிலிருந்த பூவை நகர்த்திவைத்தாள்.

"அவங்கப்பாவத்தான் கேக்கணும் சார்."

ஆண்டனி தலையசைத்து நிமிர்ந்துகொண்டார்.

மேடையிலும் அதே வாதம் தொடர்ந்தது. கொஞ்சம் இலக்கண சுத்தமாக நடந்தது, அவ்வளவே வேறுபாடு. ஒழுக்கமே வெற்றிக்குக் காரணம் என்றார் முதல்வர். காலணி மாற்றியதே காரணம் என்றார், அவற்றை வாங்கிக் கொடுத்த பழைய மாணவி ஒருவர். அறிவியலே காரணம் என்று தொடங்கிய ராஜலக்ஷ்மி அம்மையார், ஜாக்கெட்டுக்கு நன்றி சொல்லி முடித்தார். ஒவ்வொரு காரணத்துக்கும் கைதட்டல் கிடைத்தது. தட்டியவர்களும் அதே மாணவிகள்தாம்.

"அடுத்ததாக, நம் அணியின் பயிற்சியாளர் திரு. குணசேகர் அவர்கள்."

குணசேகர் எழுந்தார். பக்கவாட்டு வரிசையின் கடைசி நாற்காலியிலிருந்து மித்ராவும் எழுந்தாள். எலிசபெத் பார்த்துவிட்டாள். எழுந்து ஓட நினைத்தபோது, அவள் எதிரிலேயே நின்று ஆண்டனிக்குச் சால்வை போர்த்திக்கொண்டிருந்தார்கள். புகைப்படக்காரர் வழியை மறித்து நின்றார். பக்கவாட்டுக் கதவு ஒருமுறை வெளிச்சத்தைக் காட்டி மூடியது.

"ஒரு நிமிஷம் சார்," ராஜலக்ஷ்மி அம்மையார் மைக்கை மறித்தார். "கோச் பேசறதுக்கு முன்னாடி நம்ம சாம்பியன்ஸ்ல ஒருத்தர் ரெண்டு வார்த்தை பேசட்டும். ஆயிஷா, வாம்மா. ஜாக்கெட் போட்டு ஆடினது எப்படி இருந்துச்சுன்னு சொல்லு."

ஆயிஷா பிரேசர் டவுன் பெண். வீட்டில் தக்கினி உருது, தெருவில் தமிழ், வகுப்பில் கன்னடம். எந்த மொழியிலும் வாய் ஓயாதவள். மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கிக்கொண்டாள்.

"ஜாக்கெட் அரிக்குது மேடம்."

அரங்கம் சிரித்தது. கம்பெனிக்காரரும் வேறு வழியின்றிச் சிரித்தார்.

"நாங்க ஏன் ஜெயிச்சோம்னா, சார் எங்களத் திட்ட ஆரம்பிச்சார். அதுக்கு முன்னாடி எல்லாத் திட்டும் மித்ராக்காவுக்குத்தான். பிராக்டிஸ்ல நான் பந்த விட்டா," அவள் இடுப்பில் கை வைத்து, தாடையை முன்னே தள்ளி, அச்சு அசல் குணசேகராக நின்றாள், "'மித்ரா, கண்ணு எங்க இருக்கு?'"

அரங்கம் அதிர்ந்தது. அணிப் பெண்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள்.

"அக்கா உக்காந்தன்னிக்கி நான் பந்த விட்டேன். சார் 'மித்...'னு திரும்பினார். அக்கா அங்க இல்ல. அப்புறம் என்னைப் பார்த்தார். பார்த்துட்டே இருந்தார். 'உன் பேரு என்னம்மா?'ன்னார். பாதி சீசன் முடிஞ்சுபோச்சு சார், அப்பத்தான் கேட்டீங்க." அவள் சிரித்துக்கொண்டே குணசேகரைப் பார்த்தாள். "அக்காவே ஆடியிருந்தாலும் ஜெயிச்சிருப்போம். சார் எங்களத் திட்டியிருந்தா போதும். அவ்ளோதான் மேடம்."

எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். குணசேகர் மட்டும் சிரிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் கணக்கு தப்பாகிவிட்டதென்று தெரிந்தபின் பலகை முன் நிற்கும் பையனைப்போல நின்றார். பிறகு மைக்குக்கு வந்தார்.

"நான் வேற ஒண்ணு பேச வந்தேன்," என்றார். "எம் பொண்ண உக்காரவெச்சதாலதான் டீம் ஜெயிச்சுதுன்னு சொல்ல வந்தேன். இந்தப் பொண்ணு சொன்னதக் கேட்டப்புறம் அத எப்படிச் சொல்றது?"

சிரிப்பு மெல்ல அடங்கியது.

"அடுத்த வீட்டுப் பொண்ணுங்கள ஒண்ணும் சொல்லக் கூடாது, அது மரியாதைன்னு நெனச்சேன். அதனால இவங்க தப்பு எல்லாத்தையும் ஒரு பொண்ணு தலையில கொட்டினேன். இவங்கள நான் பாக்கவே இல்ல. பாக்காதவன் எப்படிச் சொல்லிக்குடுக்க முடியும்? ஜாக்கெட் நல்ல ஜாக்கெட்தான். ஆனா அது வரும்போது இவங்க ஜெயிக்க ஆரம்பிச்சு ரொம்ப நாளாச்சு. மூணு வருஷம் தோத்தோமே, அது என்னால. மித்ராவால இல்ல."

அப்படிச் செய்யச் சொன்னது யார் என்பதை அவர் சொல்லவில்லை. மனைவி இருந்த பக்கம் பார்க்கவும் இல்லை. எலிசபெத் மடியிலிருந்த பூவைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"மித்ரா," என்று அவர் மைக்கில் அழைத்தார். "எழுந்து நில்லும்மா. எல்லாரும் பாக்கட்டும்."

எல்லாரும் திரும்பினார்கள். கடைசி நாற்காலி காலியாக இருந்தது. அவர் கண்ணின் மேல் கையை வைத்து வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு, வரிசை வரிசையாகத் தேடினார். ஆயிஷாதான் மைக்கை மெதுவாகத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

விழா முடிந்ததும் அவருக்குச் சால்வையும் பழக்கூடையும் கிடைத்தன. கைப்பை திறக்கப்படவில்லை. "ரொம்ப ஹானஸ்ட்டா பேசினீங்க சார்," என்றார் ராஜலக்ஷ்மி அம்மையார், அதே புன்னகையோடு. "ஆர்டர்ல ஒரு சின்னக் கரெக்‌ஷன் இருக்கு. கமிட்டி மறுபடியும் பாக்கட்டும்." ஜாக்கெட் கம்பெனிக்காரர் அதற்குள் காரில் ஏறியிருந்தார்.

எலிசபெத் வாசலுக்கு ஓடினாள். மித்ராவின் தொலைபேசி அணைந்திருந்தது. வேன் இருந்த இடத்தில் வேன் இல்லை. கொஞ்ச நேரத்தில் சீனு வந்து இறங்கினான்.

"என்ன அண்ணி இப்படிப் பாக்குறீங்க? உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் வந்தேன்னாளே. கன்டோன்மென்ட் ஸ்டேஷன்ல எறக்கிவிட்டேன். தங்கவயல் போற மாரிக்குப்பம் வண்டிக்கு டிக்கெட் எடுத்தா. அத்தை வீட்டுல கொஞ்ச நாளு இருந்துட்டு வரேன்னா."

"வண்டி?"

"நான் திரும்பும்போதே கிளம்பிடுச்சு."

பின்னாலிருந்து ஆண்டனி வந்து நின்றார். "அந்தப் பொண்ணு எங்கம்மா? அடுத்த மாசம் ட்ரையல் இருக்கட்டும். எனக்கு அவ ஆட்டத்த அதுக்கு முன்னாடியே பாக்கணும். நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு ரயில்வே கிரவுண்டுக்கு வரச் சொல்லுங்க. மத்தியானம் நான் ஹூப்ளிக்குப் போயிடுவேன்."

"வருவா சார்," என்றாள் எலிசபெத். எப்படி வருவாள் என்பது அவளுக்குத் தெரியாது. அணைந்திருந்த எண்ணையே மறுபடி மறுபடி அழைத்தாள். குணசேகர் பழக்கூடையைக் கையில் வைத்துக்கொண்டு, அதை எங்கே இறக்கிவைப்பது என்று தெரியாமல் பக்கத்தில் நின்றார்.

அந்தச் சனிக்கிழமையில் அவர்களுக்குப் போனவற்றை, எனக்குத் தெரிந்தவரையில், பணிவோடு சொல்லிவிடுகிறேன். நிரந்தர வேலை போயிற்று. பழைய ஒப்பந்தமும் மாத முடிவோடு தீர்கிறது. கல்லூரிக்கு வரவிருந்த உள்ளரங்கம் போயிற்று. மித்ராவின் கல்லூரி ஆட்டத்தில் பாதிப் பருவம் போயிற்று. அவள் படிப்பு முடிகிறது, இனி அந்த உடையில் ஆட இயலாது. தோற்ற ஆண்டுகளில் ஆடிவிட்டுப் படிப்பு முடித்துச் சென்ற பெண்கள், தங்களுக்கு ஆடத் தெரியாது என்றே நம்பிப் போயிருக்கிறார்கள். அவர்களுக்கு இதைச் சொல்ல யாரும் இல்லை. எலிசபெத்துக்குப் பேச வாய்த்த தருணங்கள் வேனிலும், மேடைக்குப் பக்கத்து அறையிலும், முன்வரிசையிலும் போயின. அப்பா கோபமில்லாமல் தன் பெயரை உரக்கச் சொன்னது மித்ராவின் காதில் விழவில்லை.